முதலிடம் வந்தால் பாடியாக வேண்டும்

கோடைக்காலப் பாட்டுகளை ஜனவரியில்தான் பதிவு செய்வார்கள். சியோலில் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சிரிப்பு வரும். மாங்வோன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அடித்தள ஸ்டுடியோவில் தண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கும். கணுக்கால்வரை தொங்கும் பஞ்சுக் கோட்டுக்குள் சுருண்டுகொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி, ஐந்து பையன்கள் மணல் காலைச் சுடுகிறது என்று பாடுவார்கள். "ஈரச் செருப்பு" என்ற பாட்டு அப்படித்தான் பதிவானது. செருப்பு என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தால் எவன் கேட்பான் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் ஜோசியம் பலித்த லட்சணம் நாட்டுக்கே தெரியும்.

நான் அந்த ஸ்டுடியோவை நடத்தும் கம்பெனியில் குரல் பயிற்சி கொடுப்பவள். மேங் டீச்சர் என்பார்கள். பல வருஷம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடினேன். இடுப்பு வலி வந்த பிறகு உட்கார்ந்து திட்டும் வேலைக்கு மாறிக்கொண்டேன்.

அந்தப் பையன்களின் குழுவுக்கு ஈஸ்ட்கேட் என்று பெயர். அறிமுகமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. வெளியிட்ட பாட்டு ஒன்றும் ஓடவில்லை. முதலாளி குவாக் மட்டும் அசராத மனிதர், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்வார். "ஈரச் செருப்பு" பாட்டை அவர் வாங்கியதே ஒரே ஒரு இடத்துக்காக. "ஈரச் செருப்போடு ஓடி வா" என்ற வரியின் கடைசி 'வா' மேலே ஏறி அங்கேயே நிற்கும். வாத்தியம் எல்லாம் அடங்கிவிடும். குரல் மட்டும் தனியாக நீண்டுகொண்டே போய், கேட்கிறவனுக்கே மூச்சு முட்டும்போது தாளம் வந்து விழும். அந்த நேரத்தில் காமெரா முகத்துக்குப் பக்கத்தில் வரும் என்பதால் அந்த இடத்தை பாங் தேரிமுக்குக் கொடுத்தார். தேரிமின் முகம் காமெராவுக்கென்றே செய்த முகம்.

மூச்சுக்கு முகம் உதவாதே. தேரிமின் குரல் இனிமையானது, ஆனால் சின்னது. ஒரு வாரம் முயன்றோம். பாதியில் உடைந்து இருமலாக முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"விடுங்க டீச்சர். வழிகாட்டிக் குரலையே அங்க வெச்சிடுங்க."

பாடகர்கள் கேட்டுப் படிப்பதற்காக வேறு ஒருவர் முதலில் பாட்டைப் பாடிக் கொடுப்பார். அதுதான் வழிகாட்டிக் குரல். வேலை முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம்.

"அது இன்சு குரல் சார்."

"இன்சு குரல்னு அது நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"மேடையில என்ன பண்ணுவான்?"

"டேப் ஓடும், வாயை அசைப்பான். இன்னிக்கு நேத்தா நடக்குது?"

"முதலிடம் வந்தா?"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் டீச்சர்."

அவர் சிரித்ததில் தப்பில்லை. வாராந்திர இசை நிகழ்ச்சியில் முதலிடம் வந்த குழுவின் கையில் கோப்பையைக் கொடுத்து, கூடவே மைக்கையும் கொடுத்து, அதே பாட்டை அங்கேயே மறுபடி பாடச் சொல்வார்கள். அப்போது பின்னணி வாத்தியம் மட்டும்தான், குரல் டேப் கூடாது. யார் பாடகன், யார் வாயசைப்பவன் என்பது அங்கே தெரிந்துவிடும். இதில் மானம் போய், வெளியில் தலைகாட்ட முடியாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கஷ்டமெல்லாம் முதலிடம் வருகிறவர்களுக்கு. கடைசிப் படியில் நிற்கிறவனுக்கு மாடியிலிருந்து விழும் பயம் எதற்கு? இன்சுவின் குரல் அப்படியே பாட்டில் தங்கிவிட்டது. கோரஸ் பாடியவர்கள் வரிசையில் கடைசிப் பெயராக அவன் பெயர் போனது.

இன்சு யார் என்று சொல்ல வேண்டும். ஓ இன்சு எங்களிடமே பயிற்சிக்கு வந்த பையன். நான் பழக்கிய பையன்களில் அவ்வளவு நீளமான மூச்சு வேறு யாருக்கும் கிடையாது. விடுதியில் அடுக்குக் கட்டிலில் மேலே அவன், கீழே தேரிம். தேரிமைவிட மூத்தவன், அவனுக்கு ராமென் நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்ததும் முதலாளியிடம் திட்டு வாங்கும்போது முன்னால் நின்றதும் இவன்தான். அறிமுகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, "திரையில உன் முகம் நிக்கல தம்பி" என்று முதலாளி அனுப்பிவிட்டார். இன்சு தன் அக்கா குமியின் பொரித்த கோழிக் கடையில் சேர்ந்துகொண்டான். கூப்பிட்டால் வந்து வழிகாட்டிக் குரல் பாடிவிட்டுப் போவான். தேரிம் இருக்கிற நேரத்தில் மட்டும் வரமாட்டான். அவன் வருகிற நேரத்தில் தேரிமும் இருக்கமாட்டான். இருவரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் இது நடந்தது.

ஜூலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. புசானில் கடற்கரைக் காவல் பையன்கள் சிலர், ஒற்றைச் செருப்பை இழுத்து இழுத்து ஆடும் அந்தப் பாட்டின் நடனத்தை ஆடி இணையத்தில் போட்டார்கள். பிறகு கல்யாணத்தில் மாப்பிள்ளைகள் ஆடினார்கள், சந்தையில் மீன்காரம்மா ஆடினாள். இரண்டு வாரத்தில் சோப்புக் கடை, காபிக் கடை, பஸ், பேங்க் என்று எங்கே போனாலும் இன்சுவின் 'வா' காதில் விழுந்தது. எல்லோரும் அதைத் தேரிமின் 'வா' என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் முதலிடத்துக்குப் போட்டியிடும் இரண்டு குழுக்களில் ஈஸ்ட்கேட் ஒன்று என்று சேதி வந்தது.

குழு முழுக்கக் குதித்தது. தேரிம் மட்டும் கழிவறையில் போய் வாந்தி எடுத்தான்.

முதலாளி அவசரக் கூட்டம் போட்டார். புதுச் சட்டை, அதில் அன்னாசிப்பழப் படம்.

"பின்னணி வாத்தியத்துல அந்தக் குரலைக் கலந்து கொடுத்துடலாமா?" என்றார்.

"டி.வி.க்காரங்க கண்டுபிடிச்சா இனிமே அந்த வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க" என்றேன்.

"அப்ப ஒண்ணு பண்ணு தேரிம். கோப்பையை வாங்கினதும் அழு. நாலு வருஷக் கஷ்டம், யாரு தப்பா நினைப்பா? அந்த இடம் வரும்போது தேம்பித் தேம்பி அழு. அழுறவனைப் பாடச் சொல்ல மாட்டாங்க."

"எனக்கு அப்படி நினைச்சதும் அழ வராது சார்."

"அதுக்கும் டீச்சர்கிட்ட கத்துக்கோ."

நான் எழுந்து போய் பார்லி டீ ஊற்றிக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்த அன்னாசிப்பழத்தின் மேல் ஊற்றியிருப்பேன்.

தேரிமே ஒரு வழி கண்டுபிடித்தான். வெள்ளிக்கிழமை ரசிகைகளோடு இணையத்தில் பேசும்போது, "நாம முதலிடம் வந்தா அந்த 'வா' உங்களுக்கு. நான் மைக்கை நீட்டுவேன், நீங்க எல்லாரும் பாடணும்" என்றான். அவர்கள் கிறங்கிப்போனார்கள். இவ்வளவு நல்ல பிள்ளையா என்று உருகி உருகி எழுதினார்கள். கெட்டிக்காரன்தான். எனக்கும் உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒரு அனுமதிச் சீட்டைக் கொடுத்தான். "இன்சு அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க டீச்சர். வரலேன்னா பரவால்ல."

"நீயே போய்க் கொடேன்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

கடையில் நான் சீட்டை நீட்டியபோது இன்சு எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டம் வரும் டீச்சர். கடையை யாரு பாப்பா?"

"போய்த் தொலைடா" என்றாள் குமி. "ஊருல இருக்கிற ஸ்பீக்கர்லல்லாம் உன் தொண்டைதான் கத்துது. நீ ஒரு தடவை போய் அதைப் பெரிசா கேட்டுட்டு வா. கோழி ஒண்ணும் பறந்துடாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சலவை செய்த சட்டை போட்டிருந்தான், ஆனாலும் கிட்டத்தில் நின்றால் எண்ணெய் வாசனை அடித்தது. கம்பெனி ஆட்களுக்கான இடம் மேடை ஓரத்தில் முன்வரிசை. சுற்றிலும் பள்ளிக்கூடப் பெண்கள், நடுவில் இவன் ஒருவன் தூண் மாதிரி நின்றான்.

முதலிடம் ஈஸ்ட்கேட்டுக்குத்தான் கிடைத்தது. வண்ணக் காகிதம் கொட்டியது. மற்ற குழுவினர் எல்லாம் குனிந்து வணங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கினார்கள். ஐந்து பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். டி.வி.யில் வழக்கம்போல் பாதிப் பாட்டிலேயே விளம்பரம் வந்துவிட்டது. ஆனால் நிலையத்தார் முழுசையும் இணையத்தில் போடுவார்கள், ரசிகைகளின் செல்போனும் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடி" என்ற இடத்தில் தேரிம் மேடை ஓரத்துக்கு வந்து மைக்கை நீட்டினான். மொத்த அரங்கும் "வா" என்று எடுத்தது.

நன்றாகத்தான் எடுத்தார்கள். ஆனால் அந்த 'வா' நீளமானது என்பதை எல்லோரும் மறந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பெண்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தி நிறுத்தினாள், ஒருத்தி சிரித்துவிட்டாள், அப்படியே ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி நின்று பாடிக்கொண்டிருந்தான் இன்சு. அவனுக்கு இரண்டு கை தள்ளி இருந்த மைக்கில் அது துளி சிதறாமல் ஏறி அரங்கத்தை நிறைத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளம் வந்து விழுந்ததும் வாயை மூடினான். மேடையில் தேரிம் மைக்கை நீட்டியபடியே அழுதுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, சொன்னபடி கரெக்டான இடத்துல அழுதுட்டான்" என்று முதலாளி என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலையில் வெடித்தது கலவரம். மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டியபோது பதிவில் இருக்கிற அதே குரல் கேட்கிறது, ஆகவே டேப் ஓடியிருக்கிறது என்று எவனோ எழுதினான். ஆயிரம் பேர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரே குரல்தானே, ஒரே மாதிரிதான் கேட்கும். டி.வி. நிலையம் விளக்கம் கேட்டது. முதலாளி மத்தியானத்துக்குள் அறிக்கை விட்டுவிட்டார்: ஒலிக்கோப்பை மாற்றி அனுப்பியது எங்கள் ஊழியரின் கவனக்குறைவு, மன்னிக்கவும்.

நான் அவர் அறைக்குப் போனேன். "டேப் இல்ல சார் அது."

"எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே நின்னேன்."

"தெரிஞ்சுமா?"

"டேப்னா சின்னத் தப்பு, ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. ஆளுன்னு சொன்னா, யாரு அந்த ஆளு, பாட்டுல பாடினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அஞ்சு பசங்க சோத்துல மண்ணு விழும். போங்க டீச்சர், போய்ப் பசங்களைப் பாருங்க."

நியாயமாகப் பேசுகிற மாதிரியே அக்கிரமம் பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் பசங்களில் ஒருவனைத்தான் பார்த்தேன். தேரிம் தொப்பியும் முகமூடியுமாக வாசலில் நின்றான். "கடைக்குப் போலாம் டீச்சர். தனியாப் போக பயமா இருக்கு."

பிற்பகல் மூன்று மணிக்குக் கோழிக் கடையில் கூட்டம் இருக்காது. ஒரே ஒரு மேசையில் இரண்டு ஆட்கள் பீர் குடித்துக்கொண்டு செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டேப்புனு பச்சையாத் தெரியுது பாரு, மனுஷன் தொண்டையில இவ்ளோ நேரம் நிக்குமா?" என்றான் ஒருவன். இன்சு அவர்கள் மேசையில் முள்ளங்கி ஊறுகாயை வைத்துவிட்டுத் திரும்பினான். அவர்கள் போகும்வரை நாங்கள் மூலையில் உட்கார்ந்திருந்தோம். போனதும் தேரிம் முகமூடியைக் கழற்றினான்.

"இவனுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் குமி.

"அக்கா, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு இன்சு அவன் எதிரில் வந்து நின்றான். "இளைச்சுப் போயிட்டியேடா. சாப்பிட விடறாங்களா இல்லயா?"

தேரிம் எழுந்து தலை மேசையில் முட்டும் அளவுக்குக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க அண்ணே."

"எதுக்கு? என் குரலை வெச்சதுக்கா? அதை நான் கேட்டேனா? கூலி வாங்கிட்டுப் பாடினேன், முடிஞ்சுது. கடையில அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் சந்தோஷமாத்தான்டா இருந்துச்சு." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான். "ஆனா ஞாயித்துக்கிழமை நான் அங்க நின்னேன்டா. எல்லாரும் பாடுங்கன்னு நீ சொன்ன, பாடினேன். இத்தனை வருஷத்துல நாலு பேர் எதிர்ல ஒரு தடவை பாடினேன். நின்னு பாடின மனுஷனைப் போய் டேப்புன்னா எப்படிடா?"

இன்சு என் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், மறைக்காம சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

மாணவன் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "நல்லா இருந்துச்சு. கடைசியில சுருதி ஒரு இழை மேல போயிடுச்சு. ஆர்வக் கோளாறு."

அவன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "டேப்புக்கு சுருதி ஏறாதே டீச்சர்" என்றான்.

தேரிம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமி கோபத்தோடு கொண்டுவந்து வைத்த கோழியை, டயட்டைப் பற்றிக் கவலைப்படாமல், எலும்பு மட்டும் மிஞ்சும்வரை தின்றான்.

கலவரம் பாட்டை இன்னும் ஏற்றிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் முதலிடம். கோப்பை, காகிதம், வணக்கம், எல்லாம் அதேபோல. டி.வி. விளம்பரத்துக்குப் போய்விட்டது. அரங்கில் பாட்டு தொடர்ந்தது. "ஓடி" என்ற இடத்தில் ரசிகைகள் மூச்சை இழுத்துத் தயாராக இருந்தார்கள். தேரிம் மைக்கை நீட்டவில்லை. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனான்.

பாடினான். பாதி தூரம்கூடப் போகவில்லை. பொங்கிய பால் வழிந்து அடுப்பை அணைத்த மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுபோனது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தேரிம் பேசினான்.

"என் குரல் இதுதான். பாட்டுல அந்த இடத்துல கேக்குறது ஓ இன்சு அண்ணனோட குரல். போன வாரம் நீங்க கேட்டதும் அவர்தான். டேப் இல்ல. முன்வரிசையில நின்னு பாடினார். கடைசியில சுருதி கொஞ்சம் ஏறிடுச்சு, வேணும்னா மறுபடி போட்டுக் கேட்டுப் பாருங்க."

பிறகு இடுப்புவரை குனிந்தான். மற்ற நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களும் குனிந்தார்கள். என் பக்கத்தில் முதலாளி ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கடையில் நடந்ததைக் குமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் கோப்பை வாங்குவதை இன்சு டி.வி.யில் பார்த்திருக்கிறான். பாட்டு ஆரம்பித்து, 'வா' வருவதற்கு முன்னாலேயே ஷாம்பு விளம்பரம் வந்துவிட்டது. சரி, அவ்வளவுதான் என்று எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில், நம்பரை எங்கே தேடிப் பிடித்தார்களோ, கடைப் போன் அடித்திருக்கிறது. குமி எடுத்தாள், யாரோ ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள், இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள் குமியின் செல்போனும் அடிக்க ஆரம்பித்தது. பக்கத்துச் சலூன்காரன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். இன்சு சலூன்காரனின் கையிலிருந்த அந்தச் சின்னத் திரையில் தேரிம் பாடி உடைந்ததைப் பார்த்தான், பேசியதைக் கேட்டான், குனிந்ததையும் பார்த்தான். பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"டேய், இந்தப் பொண்ணு இன்னும் லைன்லயே இருக்கா" என்று குமி போனை நீட்டினாள். "பாடினவர் இருக்காரா, இருக்காரான்னு உசுரை வாங்குறா. என்ன சொல்ல?"

இன்சு போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"ஆமாம்மா, டேப்புதான் பேசுறேன்" என்றான். "சொல்லுங்க, எத்தனை கோழி வேணும்?"